ஆழிக்கோட்டை இன்னும் விழவில்லை

ஜூன் 2, ஞாயிறு

வளர்மதி போன பிறகு வீட்டில் பேச ஆளில்லாமல் எழுத ஆரம்பித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். விளையாட்டுக்காக எழுதுகிறேன். கடைசிச் சண்டை இன்று தொடங்கிவிட்டது. எந்த எதிரி எங்கே நிற்கிறான், யாருக்கு எவ்வளவு அடி பட்டிருக்கிறது என்று குறித்து வைக்காவிட்டால் அடுத்த வாரம் இர்ஷாத் தன் காயங்களை வசதியாக மறந்துவிடுவான்.

நாங்கள் நான்கு பேர். ஆறு வருடமாக ஞாயிறு மதியங்களில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரே கதையை விளையாடி வருகிறோம். மற்ற மூவருக்கும் ஆளுக்கொரு பாத்திரம். நான் கேம் மாஸ்டர். ஊர், கடல், மழை, எதிரிகள் எல்லாம் நானே. தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று அவர்கள் சொல்வார்கள். அது நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்; பெரிய எண் விழுந்தால் நடக்கும். பேச்சாகப் போகும்வரை கதை ஓடும். சண்டை வந்தால் ஒவ்வொருவராக முறை எடுக்க வேண்டும். அங்கேதான் நேரம் போகும்.

இர்ஷாத் கரும்புக்கடையில் பல் டாக்டர், கதையில் வில்லாளி. பெல்சியா கல்லூரியில் வேதியியல் நடத்துகிறாள், கதையில் மருத்துவச்சி. வளர்மதி கதையில் கொற்றி, வாள் வீசுபவள். வெளியில் என் மனைவி. பங்குனியிலிருந்து வடவள்ளியில் அவள் அக்கா வீட்டில் இருக்கிறாள்.

போகும்போது சொன்னாள்: “ஞாயித்துக்கெழமை மட்டும் வர்றேன். கதை முடியற வரைக்கும். அவிய ரெண்டு பேரையும் பாதியில விட்டுட்டுப் போக முடியாது.”

கதை இப்போது ஆழிக்கோட்டை வாசலில் நிற்கிறது. உள்ளே வலம்புரியன், கடலில் மூழ்கியும் சாகாத அரசன். அவன் விழுந்தால் எல்லாம் முடிந்தது. இன்று மூன்று மணி நேரத்தில் ஆளுக்கு இரண்டு முறைதான் வந்தது. எல்லாம் இர்ஷாத்தால். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கேட்டு ஓர் அம்பு விட்டான். கோட்டை மதில் எதனால் கட்டியது என்று கேட்டு இன்னொரு அம்பு.

ஜூன் 5, புதன்

மோட்டாரை அணைக்க மறந்து மேல்தொட்டி வழிந்து மாடிப்படியெல்லாம் தண்ணீர். கீழ்வீட்டுக்காரர் வந்து சத்தம் போட்டார். பம்பு கம்பெனியில் டிசைன் பிரிவில் இருப்பவனுக்கு இது தேவைதான்.

ஜூன் 9, ஞாயிறு

வாசல் காவலர்களை இன்று கிட்டத்தட்ட முடித்துவிட்டார்கள். கடைசி ஆள் தள்ளாடிக்கொண்டிருந்தபோது கிணற்றுக்குள்ளிருந்து இன்னொரு படை ஏறி வந்தது.

“இது எங்கிருந்து வந்துச்சு?” என்றாள் பெல்சியா.

“கெணத்துல இருந்து.”

“போன வாரம் வரைபடத்துல கெணறே இல்லையே பூபதி.”

“மூடி போட்டிருந்துச்சு.”

வளர்மதி பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஒரு கோட்டையில் கிணறு இருக்காதா? அத்தனை பேரும் கடல் தண்ணீரையா குடிப்பார்கள்? சண்டை என்றால் எதிர்பாராதது வர வேண்டும். இல்லாவிட்டால் கூட்டல் கணக்குப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

பேக்கரியிலிருந்து தேங்காய் பன் வாங்கி வைத்திருந்தேன். வளர்மதிக்குப் பிடிக்கும். சாப்பிட்டாள். “தேங்க்ஸுங்க” என்றாள்.

கல்லூரி நாளிலிருந்து என்னைப் பூபதி என்றும் நீ என்றும் கூப்பிட்டவள். இப்போதெல்லாம் நீங்க.

ஜூன் 13, வியாழன்

அவளுடைய வக்கீல் போன் செய்தார். இருவரும் சம்மதித்துப் பிரிவதாகக் கொடுக்கும் மனுவாம். வந்து கையெழுத்துப் போட்டால் போதுமாம். மரியாதையான ஆள். கம்பெனியில் ஆடிட் நடக்கிறது, முடிந்ததும் வருகிறேன் என்றேன்.

ஆடிட் செப்டம்பரில்தான்.

ஜூன் 16, ஞாயிறு

பெல்சியா ஒரு மணல் கடிகாரத்தைக் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்தாள். “மணல் விழறதுக்குள்ள என்ன பண்றோம்னு சொல்லோணும். சொல்லலைன்னா அந்த ஆளு பயந்து நின்னுட்டான்னு அர்த்தம். பூபதி, உங்களுக்கும் சேத்துத்தான்.”

எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் என்ன நடந்தது என்பதை எழுதத்தான் வேண்டும்.

சண்டை பறந்தது. அடுத்தவர் முறையில் கைப்பேசியைப் பார்க்கும் இர்ஷாத் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். காற்றைப் பற்றிக் கேட்கவில்லை. “அவன் கண்ணுக்கு விடறேன்” என்று மட்டும் சொன்னான். மருத்துவச்சி தீப்பந்தத்தை எண்ணெய்க் கிடங்கில் எறிந்தாள். கிணற்றுப்படை இருந்த இடம் தெரியவில்லை. மூவரும் கோட்டை முற்றத்துக்குள் நுழைந்ததும் வலம்புரியன் வெளியே வந்தான். கொற்றி மதில் மேலிருந்து அவன் கழுத்தின் மேல் குதித்தாள். அதைச் சொல்லும்போது வளர்மதி எழுந்தே நின்றுவிட்டாள். பகடை உருண்டு பத்தொன்பதில் நின்றது. அவள் சிரித்தாள். முழுச் சிரிப்பு. கோவிட் காலத்தில் இந்த வீட்டில் இருவர் மட்டும் அடைந்துகிடந்தபோது சிரித்தாளே, அந்தச் சிரிப்பு.

வலம்புரியனுக்கு உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்து இர்ஷாத்தின் முறை. அம்பும் பட்டது.

“அவன் விழறான்” என்றேன். மூன்று பேரும் கத்தினார்கள். இர்ஷாத் மேசையைத் தட்டினான். பெல்சியா வளர்மதியின் தோளைப் பிடித்துக் குலுக்கினாள்.

“ஆனா, அவன் ஒடம்புக்குள்ள இருந்து இன்னொருத்தன் எந்திரிக்கறான். அவனுக்கு ரெண்டு உயிர்.”

சத்தம் நின்றது. வளர்மதி மெதுவாக உட்கார்ந்தாள்.

“இத இப்பத்தான் நெனைச்சீங்களா?” என்றாள்.

“ஆறு வருசத்துக்கு முன்னாலயே.”

நல்ல கதைக்கு இப்படி ஒரு திருப்பம் வேண்டும். யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மணல் கடிகாரத்தைப் பெல்சியா பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜூன் 20, வியாழன்

மாவு புளித்துவிட்டது. மூன்று நாளாகத் தோசை ஊற்றவே மறந்திருக்கிறேன். ஒருவனுக்கு எவ்வளவு மாவு வாங்குவது என்று இன்னும் பிடிபடவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

இரண்டாம் உயிரோடு வந்தவனை யாராலும் தொட முடியவில்லை. அவனுடைய கவசம் அப்படி. பகடை உருண்டது, தவறியது, உருண்டது, தவறியது. பெல்சியா கொட்டாவி விட்டாள். அவர்களுக்குப் பொறுமை இல்லை.

ஜூன் 26, புதன்

கடைவாய்ப் பல் வலி தாங்காமல் இர்ஷாத்தின் கிளினிக்குக்குப் போனேன். மரத்துப்போக ஊசி போட்டு, வாயில் பஞ்சைத் திணித்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தான். வேண்டுமென்றே செய்திருப்பான்.

“வளரு ஓசூர்ல வேலைக்குச் சேந்துட்டா. தெரியுமா உனக்கு?”

தெரியாது. தலையை அசைக்கவும் முடியவில்லை.

“மே மாசமே சேந்துட்டா. அக்கா வீட்டுல இல்ல அவ. ஞாயித்துக்கெழமை விடியறதுக்கு முன்னால பஸ் ஏறி, சேலம் வந்து, அங்கிருந்து கோயமுத்தூர் வர்றா. நம்ம வெளையாட்டு முடிஞ்சதும் திரும்பி ஓசூருக்கு. திங்கக்கெழமை காலைல ஆபீசு. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னா. நாந்தான் மனசு கேக்காம சொல்றேன்.” துளை போடும் கருவியை எடுத்தான், மறுபடி வைத்தான். “கதைய முடிச்சு விடுடா பூபதி. அந்தப் புள்ளைய இப்படி அலைய விடாத.”

என் பதில் பஞ்சுக்குள் போய்விட்டது.

வரும் வழியெல்லாம் யோசித்தேன். ஒருத்தி ஓசூரிலிருந்து வாராவாரம் பஸ் மாறி என் வீட்டுக்கு வருகிறாள் என்றால் அதற்கு ஓர் அர்த்தம் இருக்கத்தானே வேண்டும்? விளையாட்டுக்காக யாராவது இவ்வளவு தூரம் வருவார்களா? இர்ஷாத்துக்குப் பற்களைப் பற்றித் தெரியும். மனிதர்களைப் பற்றி என்ன தெரியும்?

ஜூன் 30, ஞாயிறு

கடலிலிருந்து மூடுபனி வந்து கோட்டையை மறைத்துவிட்டது. யாருக்கும் எதிரி சரியாகத் தெரிவதில்லை. பாதி அடிகள் வீணாகப் போகும். விதிப்படிதான்.

வளர்மதி செருப்பைக் கழற்றியபோது பாதங்கள் வீங்கியிருந்ததைப் பார்த்தேன். முக்காலியை எடுத்து அவள் காலடியில் போட்டேன். அவள் அதைத் தள்ளி வைத்தாள்.

பெல்சியா பகடையை உருட்டாமல் கையிலேயே வைத்திருந்தாள். “பூபதி, இந்தச் சண்டைய நாங்க எப்பவோ ஜெயிச்சாச்சு. இப்ப நடக்கறதெல்லாம் பாத்திரம் கழுவற வேலை.”

“எதிரி இன்னும் உயிரோட இருக்கான்.”

“இவனுக ஏன் ஓட மாட்டேங்கறானுக?” என்றாள் வளர்மதி. அவள் பனியைப் பார்ப்பதுபோல மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “தோத்தாச்சுன்னு தெரிஞ்சா யாரா இருந்தாலும் ஓடுவாங்க. இல்லைன்னா கையத் தூக்குவாங்க. இவனுக மட்டும் ஏன் கடைசி மூச்சு வரைக்கும் நிக்கறானுக?”

“விசுவாசம்” என்றேன்.

இர்ஷாத் இருமினான்.

டீ போட அடுக்களைக்குப் போனபோது அவளும் டம்ளர்களை எடுத்துக்கொண்டு வந்தாள். மூன்று மாதத்தில் முதல்முறையாக நாங்கள் தனியாக நின்றோம்.

“ஓசூர்ல இருந்து வர்றியாமா?”

“இர்ஷாத் சொல்லிட்டானா?” டம்ளர்களைக் கழுவினாள். “ஆமாங்க.”

“எதுக்கு வளரு இவ்வளவு தூரம்?”

“கொற்றிக்காக. ஆறு வருசம் அவளா இருந்திருக்கேன். இந்த வீட்டுல எனக்குன்னு இருந்தது அவ மட்டுந்தான். அவ கதை என்னாகுதுன்னு பாத்துட்டுப் போகோணும்.” குழாயை மூடினாள். “நீங்க வேற எதையும் நெனைச்சுக்காதீங்க. நாம சண்டை போட்டப்பவும் இப்படித்தான். ஒண்ணு முடியற நேரத்துல இன்னொண்ண எடுத்துட்டு வருவீங்க. அஞ்சு வருசத்துக்கு முந்தி எங்கப்பா சொன்னது, கல்யாணத்துல எங்க சித்தி சொன்னது. நான் தூங்கிப் போற வரைக்கும் முடியாது. காலைல எந்திரிச்சா விட்ட எடத்துல இருந்து ஆரம்பிப்பீங்க.”

அவளுடைய அப்பா சொன்னது சின்ன விஷயம் இல்லை. அதை இப்போதும் என்னால் நிரூபிக்க முடியும். சொல்லத் தொடங்கினேன். அவள் டம்ளர்களோடு வெளியே போய்விட்டாள்.

ஜூலை 7, ஞாயிறு

பெல்சியாவுக்கு விடைத்தாள் திருத்தும் வேலை. இர்ஷாத்துக்குக் கல்யாண வீடு. இருவரும் வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டார்கள். வளர்மதிக்கு நீயே சொல்லிவிடு என்றான் இர்ஷாத். சரி என்றேன்.

வேலை நெருக்கடியில் மறந்துவிட்டேன்.

மதியம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. அரிசிம்பருப்புச் சோறு செய்திருந்தேன், நெய்யும் அப்பளமும். நமக்காகச் சமைக்கும்போது கொஞ்சம் கூடிப்போவது சகஜம். அவள் வாசலிலேயே நின்று உள்ளே பார்த்தாள். மேசையில் வரைபடம் இல்லை. பகடை இல்லை. இரண்டு தட்டு இருந்தது.

“அவிய வரலயா?”

“கடைசி நேரத்துல சொன்னாங்க.”

“எப்போ?”

நான் பதில் சொல்லுமுன் அவள் இர்ஷாத்துக்கு போன் செய்தாள். ஸ்பீக்கரில் போடவில்லை; ஆனாலும் வெள்ளிக்கிழமை என்று அவன் சொன்னது எனக்கே கேட்டது. போனைப் பைக்குள் வைத்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டால் பேச ஏதாவது இருந்திருக்கும்.

“கொஞ்சம் தண்ணி குடுங்க” என்றாள்.

கொடுத்தேன். நின்றபடியே குடித்தாள். டம்ளரைச் செருப்பு அலமாரியின் மேல் வைத்துவிட்டுப் படியிறங்கினாள். மாடியிலிருந்து பார்த்தேன். ஒரு கையால் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வயதானவள் மாதிரி இறங்கினாள்.

இரவும் அந்தச் சோற்றைத்தான் சாப்பிட்டேன், நாளைக்கும் இருக்கிறது.

ஜூலை 10, புதன்

பெல்சியா அனுப்பியது: “வர்ற ஞாயித்துக்கெழமை கடைசி. முடியலைன்னா மீதிய நீங்க இல்லாமலே நாங்க முடிச்சுக்கறோம்.”

நான் இல்லாமல் எப்படி முடிப்பார்களாம்? கடல் யார்? காற்று யார்?

ஜூலை 14, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மூன்று பேரும் சேர்ந்து வந்தார்கள். யாரும் பன் எடுக்கவில்லை. பனி விலகியதா என்று பெல்சியா கேட்டாள். விலகியது என்றேன். அதன் பிறகு அவர்கள் வேகமாக விளையாடினார்கள், முறை வருமுன்பே என்ன செய்வதென்று முடிவு செய்து வைத்து. வலம்புரியனின் இரண்டாம் உயிரும் ஊசலாடியது. அப்போது கடலில் சங்கு ஊதியது.

“கப்பல்கள்” என்றேன். “அடிவானம் பூரா.”

பெல்சியா பகடையைக் கீழே வைத்தாள். இர்ஷாத் முகத்தைத் துடைத்துக்கொண்டான். வளர்மதியின் முறை.

“கொற்றி வாளக் கீழ போடறா” என்றாள். “திரும்பி வாசப்பக்கம் நடக்கறா. கதவத் தொறந்து வெளிய போறா.”

“சண்டைக்கு நடுவுல முதுகு காட்ட முடியாது.”

“முடியும். விதி இருக்குது.”

“முதுகுல வெட்டு விழும். பக்கத்துல மூணு பேர் நிக்கறாங்க.”

“விழட்டும். உருட்டுங்க.”

கேம் மாஸ்டர் தன் பகடையை உருட்டுவது ஓர் அட்டைத் தடுப்புக்குப் பின்னால். மற்றவர்கள் பார்க்க முடியாது, அதுதான் வழக்கம். பெல்சியா கையை நீட்டி அந்தத் தடுப்பை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “எல்லாரும் பாக்கற மாதிரி உருட்டுங்க பூபதி.”

உருட்டினேன். மூன்று பகடை. நான்கு, இரண்டு, ஏழு. ஒன்றும் படவில்லை.

“ஒண்ணு பகடைத் தட்டோட ஓரத்துல சாஞ்சு நிக்குது” என்றேன். “செல்லாது. மறுபடி போடோணும்.”

“பூபதி” என்றான் இர்ஷாத்.

“விதிடா.”

“போடட்டும்” என்றாள் வளர்மதி.

அந்த ஒரு பகடையை மறுபடி உருட்டினேன். இருபது. அதற்கு மேல் எண் கிடையாது. நான் ஏமாற்றவில்லை, எல்லோரும் பார்த்தார்கள். ஏற்கெனவே காயம்பட்டிருந்த கொற்றிக்கு அந்த வெட்டைத் தாங்க உயிர் இல்லை. வாசற்படியில் விழுந்தாள்.

வளர்மதி கொற்றியின் விவரங்கள் எழுதிய தன் தாளைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் விரலால் அந்தப் பெயரின் மேல் தடவிக்கொண்டிருந்தாள்.

“செத்துட்டாளா?”

“ஆமா.”

“அப்ப என்ற கதை முடிஞ்சுது.” எழுந்து பையை எடுத்தாள்.

இதை நான் யோசிக்கவில்லை. “இரு இரு. பெல்சியா, உன்ற மருத்துவச்சிகிட்ட அந்த மூலிகை இருக்குது. கொற்றியை எழுப்பலாம். இப்பவே எழுப்பலாம், பகடை கூட வேண்டாம்.”

பெல்சியா வளர்மதியைப் பார்த்தாள். பிறகு என்னை. “என்ற மருத்துவச்சி எழுப்ப மாட்டேங்கறா” என்றாள்.

“வில்லாளி தூக்கிட்டு…”

“எங்கிட்ட கேக்காதடா” என்றான் இர்ஷாத். அவன் கண் கலங்கியிருந்தது.

நான் எழுந்து கதவுக்குக் குறுக்கே போய் நின்றேன் என்று பெல்சியா பின்னால் சொல்லக்கூடும். நான் வழியனுப்பத்தான் போனேன். வளர்மதி என் எதிரே நின்று என் கையைத் தாழ்ப்பாளிலிருந்து எடுத்தாள். மெதுவாகத்தான் எடுத்தாள்.

“போதும் பூபதி. விடு.”

விடு என்றாள். விடுங்க என்று சொல்லவில்லை.

ஜூலை 22, திங்கள்

வக்கீல் ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். அவள் முந்தின நாளே வந்து போட்டுவிட்டுப் போயிருந்தாள். அங்கே ஏ.சி. வேலை செய்யவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

பல் அடைப்பு கழன்றுவிட்டது என்று இர்ஷாத்துக்கு போன் செய்தேன். பின்னால் பேச்சுச் சத்தம், சிரிப்பு. பெல்சியா வீட்டில் இருக்கிறானாம். புதிதாக ஒரு கதை தொடங்கியிருக்கிறார்களாம். வளர்மதி ஓசூரிலிருந்தே வீடியோவில் நடத்துகிறாள். அவள் கேம் மாஸ்டர்.

“சண்டையெல்லாம் எப்படிப் போகுது?” என்றேன்.

“டீ ஆறறதுக்குள்ள முடிஞ்சிருதுடா. எதிரிங்க ஓடிர்றாங்க. சில சமயம் நாங்க ஓடிர்றோம். ஓடினா விட்டுர்றா.”

“அது சண்டையே இல்லை” என்றேன்.

“திங்கக்கெழமை கிளினிக்குக்கு வா. அடைச்சு விடறேன்” என்று வைத்துவிட்டான்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

குக்கரில் அரிசி வைத்துவிட்டு மேசையைத் துடைத்தேன். வரைபடத்தை விரித்து எல்லோருடைய காய்களையும் விட்ட இடத்தில் நிறுத்தினேன். கொற்றி வாசற்படியில் கிடந்தாள். அவளை நகர்த்தவில்லை.

வில்லாளிக்கும் நான் உருட்டினேன், மருத்துவச்சிக்கும் நான், வலம்புரியனுக்கும் நான். கப்பல்கள் கரைக்கு வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. கிணற்றிலிருந்து யாரும் வரவில்லை. பனி இறங்கவில்லை. வில்லாளியின் அம்பு பட்டது. வலம்புரியன் முழங்காலில் விழுந்தான். மருத்துவச்சி அவன் கிரீடத்தைக் கழற்றினாள். சங்கு ஊதியவர்கள் அதைப் பார்த்துக் கப்பலைத் திருப்பிக்கொண்டு போனார்கள். ஆழிக்கோட்டை விழுந்தது.

குக்கர் முதல் விசில்கூட அடிக்கவில்லை.

காய்களைத் துணிப்பையில் போட்டுக் கட்டினேன். வரைபடத்தைச் சுருட்டினேன். மேசையைத் திரும்பவும் ஒருமுறை துடைத்தேன். அதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லை. மதியம் முழுவதும் மீதி இருந்தது.